தலை தேயாத ஆணி

பிப்ரவரி 4

குருவிக்கு,

அண்ணி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போடாமல் இந்த வரிவரை வந்திருந்தால், மீதியையும் படித்துவிடு. போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். வேறு வழி தெரியவில்லை.

உறவு கொண்டாட எழுதவில்லை. கார் சக்கரம் மாற்றுவதற்கு, பேட்டரியில் ஓடும் இம்பாக்ட் ரெஞ்ச் ஒன்று வாங்க வேண்டும். கருவிகளைப் பிரித்துப் போட்டுப் பழுது பார்க்கிற ஆள் எனக்குத் தெரிந்து நீ ஒருத்திதான். ஒரு கடைக்குப் போய்ப் பார்த்தேன். அங்கிருந்தவர் இருப்பதிலேயே பெரியதை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, "வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லையா மேடம்?" என்றார். அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

என் வேலை உனக்குத் தெரியும். லேப்பிலிருந்து வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பது. முதல் வீடு ஐந்தே முக்காலுக்கு. எல்லாரும் வெறும் வயிற்றோடு, வயதானவர்கள் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். இந்த இரண்டு மாதத்தில் நான்கு முறை, காலையில் இறங்கி வந்தால் ஏதாவது ஒரு சக்கரம் தரையோடு ஒட்டிக் கிடக்கிறது. ஸ்டெப்னி இருக்கிறது. ஜாக்கி போடவும் தெரியும். நட்டுதான் அசைய மாட்டேன் என்கிறது. வண்டியோடு வந்த ரெஞ்சில் ஏறி நின்று குதித்துப் பார்த்துவிட்டேன். என் ஐம்பத்திரண்டு கிலோவை அது மதிக்கவே இல்லை.

நான்கு முறையும் உன் அண்ணனைத்தான் கூப்பிட்டேன். வந்தார், மாற்றிக் கொடுத்தார், ஒரு வார்த்தை தவறாகப் பேசவில்லை. எனக்குத்தான் கூசுகிறது. வீட்டை விட்டுப் போகச் சொன்ன மனிதரையே மாதம் இரண்டு தடவை வாசலுக்குக் கூப்பிட்டு உதவி வாங்குவது நன்றாகவா இருக்கிறது? இன்னும் ஒருமுறை தாமதமானால் என் ரூட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக மேலாளர் வேறு சொல்லிவிட்டார்.

எத்தனை வோல்ட், என்ன அளவு. அதை மட்டும் எழுது, போதும்.

அண்ணி


பிப்ரவரி 11

அண்ணிக்கு,

கிழிக்கவில்லை. போனில் பேசப் போவதும் இல்லை. பேசினால் நான் ஏதோ சொன்னேன் என்று நீங்கள் சொல்வீர்கள், நீங்கள் ஏதோ சொன்னீர்கள் என்று நான் சொல்வேன். எழுத்தில் இருந்தால் இரண்டு பேருக்கும் சாட்சி.

முதலில் என் மனசில் இருப்பதைக் கொட்டிவிடுகிறேன். அடிக்காத, குடிக்காத, உங்களைத் தாங்கு தாங்கென்று தாங்கிய மனிதனை ஏழு மாதத்துக்கு முன் பெட்டியோடு வெளியே நிறுத்தினீர்கள். காரணம் கேட்டதற்கு, "மூச்சு முட்டுது" என்று இரண்டே வார்த்தை. இப்போது அவன் கை உதவியும் கசக்கிறது. அவன் அந்த வாசலுக்கு வர மிச்சம் இருக்கிற ஒரே காரணத்தையும் அறுத்துவிட, அவன் தங்கையிடமே கத்தி கேட்கிறீர்கள். அப்படித்தான் எனக்குத் தோன்றுகிறது. இல்லை என்றால் இல்லை என்று எழுதுங்கள்.

இனி கேட்டதற்குப் பதில். என் மேசைக்கு வருகிற யாருக்கும் சொல்வதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். பதினெட்டு வோல்ட், அரை அங்குலத் தலை. உங்களுடையது சின்ன வண்டி. அதன் நட்டை நூறு, மிஞ்சினால் நூற்றுப் பத்து நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையில் இறுக்கினால் போதும். கழற்ற அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். முந்நூறு தருகிற ரெஞ்ச் தாராளம். பெட்டியின் மேல் ஆயிரத்து ஐந்நூறு என்று கொட்டை எழுத்தில் போட்டு மலிவாக விற்பார்கள். அது அச்சடித்தவர் மனசுக்கு வந்த எண், மெஷினுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நிஜமாகவே அவ்வளவு விசை இருந்தாலும் உங்களுக்கு ஆகாது. மூன்று கிலோ கனக்கும், கை தவறினால் நட்டு பூட்டுகிற ஸ்டட்டையே முறித்துவிடும். நட்டைக் கவ்வுகிற சாக்கெட் கறுப்பாக, தடித்த சுவரோடு இருக்க வேண்டும். பளபளவென்று வெள்ளியாக இருப்பது கையால் திருகுவதற்கு. இம்பாக்டில் மாட்டினால் வெடித்துக் கண்ணில் தெறிக்கும்.

ஆனால் ஒன்று இடிக்கிறது. வண்டியோடு வந்த ரெஞ்ச் கால் மீட்டர் நீளம் இருக்கும். அதன் நுனியில் ஐம்பத்திரண்டு கிலோ ஏறி நின்றாலே நூற்று இருபதுக்கு மேல் வந்துவிடும். குதித்தால் இன்னும் அதிகம். நட்டு கழன்றிருக்க வேண்டும். ஒன்று நீங்கள் சொல்வது பொய், அல்லது யாரோ அதை மாட்டுத்தனமாக இறுக்கியிருக்கிறார்கள். எது?

இரண்டு மாதத்தில் நாலு பஞ்சர் என்பதும் நம்புகிற மாதிரி இல்லை. நான் பதினோரு வருஷமாக ஓட்டுகிறேன், மொத்தமே மூன்று. வண்டியை நிறுத்தினால் எகிறிக் குதிப்பாரே உங்கள் கீழ்வீட்டுக்காரர், அவர் கைவரிசையா என்று பாருங்கள். பஞ்சர்க்கடையில் பிடுங்கிய ஆணி இருந்தால் அனுப்புங்கள்.

குருவி


பிப்ரவரி 19

குருவிக்கு,

கேட்டாயே என்று சொல்கிறேன். ஆமாம், அறுக்கத்தான்.

கீழ்வீட்டுக்காரர் நவம்பரிலேயே காலி செய்துவிட்டுப் போய்விட்டார். வீடு பூட்டிக் கிடக்கிறது. முதல் பஞ்சர் அதற்குப் பிறகுதான்.

மாட்டுத்தனமாக இறுக்கியது யார் என்பதில் ஒளிவுமறைவு இல்லை. உன் அண்ணன்தான். ரெஞ்சின் பிடியில் ஒரு நீளக் குழாயை மாட்டி, அதன் மேல் ஏறி மிதிப்பார். "ஏங்க இவ்வளவு இறுக்கறீங்க, அப்புறம் என்னால எப்படித் திறக்க முடியும்?" என்று கேட்டேன். "ஓடும்போது கழண்டா என்ன பண்ணுவ? திறக்கறதுக்குத்தான் நான் இருக்கேனே" என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, பதினாறு நட்டும் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டும் போகிறார். பஞ்சர்க்கடைக்காரர் ஒருமுறை அளவாக இறுக்கிக் கொடுத்தார். அந்த ஞாயிறே அதுவும் இறுகிவிட்டது.

ஆணி மூன்று இருந்தது, உறைக்குள் வைத்திருக்கிறேன். முதலாவதைக் கடைக்காரர் தூக்கி எறிந்துவிட்டார்.

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நான் கூப்பிட்டால் பத்து நிமிஷத்தில் வந்துவிடுகிறார். விடியாத நேரத்தில் எழுப்பிவிட்டோமே என்று எனக்குச் சங்கடமாக இருக்கும். ஆனால் வருகிறவர் சவரம் செய்திருக்கிறார். சட்டை இஸ்திரி போட்டிருக்கிறது. "பரவால்ல, முழிச்சுதான் இருந்தேன்" என்பார். பன்னிரண்டு வருஷம் அவரோடு குடித்தனம் செய்தவள் நான். ஏழு மணிக்கு முன்னால் அவர் கண் திறந்து பார்த்ததில்லை.

இதை உன்னிடம் ஏன் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

அண்ணி


மார்ச் 1

அண்ணிக்கு,

முந்நூறு என்று எழுதியதை அடித்துவிடுங்கள். குழாய் மாட்டி மிதித்த நட்டுக்கு அது காணாது. கழற்றும் விசை அறுநூறு தருகிறதாகப் பார்க்க வேண்டும். பிரஷ் இல்லாத மோட்டார், மூன்று வேகம், நாலு ஆம்பியர் பேட்டரி. எடை இரண்டு கிலோவுக்குள் கிடைக்கும். கழற்ற மட்டும்தான் அது. பூட்டும்போது நட்டைக் கையால் ஓட்டிவிட்டு, டார்க் ரெஞ்சால் அளவு வைத்து, 'க்ளிக்' என்று சத்தம் வரும் வரை மட்டும் இறுக்க வேண்டும். இம்பாக்டை வைத்து இறுக்கினால் நீங்களும் அண்ணன் செய்ததைத்தான் செய்வீர்கள்.

ஆணிகளைப் பார்த்தேன். ரோட்டில் கிடந்து ஏறுகிற ஆணி பெரும்பாலும் சாய்ந்துதான் ஏறும். டயரோடு சுற்றிச் சுற்றித் தலை தேய்ந்து, மண்ணும் தாருமாக இருக்கும். இந்த மூன்றின் தலையும் கடையில் எடுத்த மினுமினுப்பு போகாமல் இருக்கிறது. ஒன்றில் சுத்தியல் பட்ட தடம் தெரிகிறது. இவை ரோட்டில் ஒரு கெஜம்கூட ஓடவில்லை. நின்ற வண்டியில் யாரோ அடித்திருக்கிறார்கள்.

யார் என்று என்னைக் கேட்காதீர்கள். உங்கள் ரூட்டின் மேல் கண் வைத்திருக்கிறவர் லேப்பிலேயே இருக்கலாம். உங்களுக்கு வேண்டாதவர்கள் எத்தனை பேர் என்று எனக்கு எப்படித் தெரியும்? சவரம், சட்டை என்று நீங்கள் எழுதியதை வாசித்தேன். ஒரு மனிதன் பெண்டாட்டியைப் பார்க்கப் போகும்போது நல்ல சட்டை போடுவது குற்றமா?

குருவி


மார்ச் 9

குருவி,

இதை மட்டும் நேராகக் கேட்கிறேன், நேராகப் பதில் சொல். என் கடிதங்களை உன் அண்ணனிடம் காட்டுகிறாயா?

நேற்று நட்டுப் பார்க்க வந்தார். குனிந்து வேலை செய்தபடியே, "அறுநூறு நியூட்டன் மீட்டரெல்லாம் உன் கை தாங்காது. மணிக்கட்டு போயிடும். அப்புறம் ஊசி எப்படிப் பிடிப்ப?" என்றார். ரெஞ்ச் வாங்கப் போவதை நான் ஒரு ஈ காக்கையிடம்கூடச் சொல்லவில்லை. அறுநூறு என்ற எண் உன் கடிதத்தில் மட்டும்தான் இருக்கிறது.

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். உன்மேல் கோபப்பட எனக்கு உரிமை இல்லை, அவர் உன் கூடப் பிறந்தவர். ஆனால் 'சாட்சிக்கு இருக்கட்டும்' என்று எழுத வைத்து, அதையே அங்கே கொண்டுபோய் வாசித்திருந்தால், அது வேறு.

அந்தக் கடிதம் வந்தபோதே உறையின் வாய் நெளிந்திருந்தது. ஈரம் பட்டிருக்கும் என்று நினைத்துவிட்டேன். இப்போது எதையும் அப்படி நினைக்க முடியவில்லை.

இருபத்தேழாம் தேதி ஒரு தொழிற்சாலையில் எண்பது பேருக்கு ரத்தம் எடுக்க வேண்டும். ஆறே முக்காலுக்கு அங்கே இருக்க வேண்டும். அன்று சக்கரம் படுத்தால் வேலை போய்விடும். நீ சொன்ன ரெஞ்சை நான் வேறு எங்காவது வாங்கிக்கொள்கிறேன்.

அண்ணி


மார்ச் 15
(வீட்டு விலாசத்துக்கு)

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் கேட்ட ரெஞ்ச் எங்கள் கடையில் இருப்பு இல்லை. ஏப்ரல் இரண்டாவது வாரம்தான் வரும் என்கிறார்கள். வெளியில் வாங்கி ஏமாறாதீர்கள், போலி நிறைய நடமாடுகிறது. பொறுத்ததே பொறுத்தீர்கள், இன்னும் ஒரு மாதம் பொறுங்கள். இருபத்தேழாம் தேதி உங்களுக்குப் பெரிய முகாம் இருப்பதால் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். அண்ணன் பக்கத்தில்தானே இருக்கிறான், ஒரு போன் செய்தால் ஓடி வருவான்.

குருவி


மார்ச் 15
(லேப் விலாசத்துக்கு)

அண்ணிக்கு,

இன்று உங்கள் வீட்டுக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். அதில் உள்ளது அத்தனையும் பொய். ஒரு வரியைக்கூட நம்பாதீர்கள்.

நான் யாரிடமும் எதையும் காட்டவில்லை. அண்ணனோடு பேசியே இரண்டு மாதம் ஆகிறது. உறையின் வாய் நெளிந்திருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தபால் பெட்டி படிக்கட்டுக்குக் கீழே இருக்கிறது. அதற்கு எத்தனை சாவி? அண்ணன் போகும்போது எத்தனையைத் திருப்பிக் கொடுத்தான்? யோசித்துப் பாருங்கள். அதனால்தான் இதை லேப்புக்கு அனுப்புகிறேன்.

இந்தக் கடிதத்தோடு வருகிற பார்சலில் ரெஞ்ச் இருக்கிறது. பழுது பார்க்கும் மேசையில் வைத்து நானே ஓட்டிப் பார்த்தேன். இரண்டு பேட்டரி, கறுப்பு சாக்கெட் ஒன்று, டார்க் ரெஞ்ச் ஒன்று. நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே இளக்கிவிடுங்கள், ஜாக்கி அப்புறம். வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். வண்டியின் பின்பெட்டியில், ஸ்டெப்னிக்குக் கீழே வையுங்கள்.

ஒன்றைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் உங்கள் பக்கம் வந்துவிடவில்லை. அண்ணன் அப்படிப்பட்டவன் இல்லை என்று காட்டத்தான் இதைச் செய்கிறேன். உங்களிடம் ரெஞ்ச் இல்லை, அன்றைக்குத் தவறினால் வேலை போகும் என்று தெரிந்த பிறகும் உங்கள் வண்டியில் கை வைக்க அவனுக்கு மனசு வராது. இருபத்தேழாம் தேதி நாலு சக்கரமும் நன்றாக இருக்கும். அன்று சாயங்காலமே என்னிடம் மன்னிப்புக் கேட்டு நீங்கள் எழுத வேண்டும்.

குருவி


மார்ச் 28

குருவிக்கு,

நேற்று மன்னிப்புக் கேட்கத் தயாராகத்தான் இறங்கி வந்தேன். நம்பினால் நம்பு. நாலு சக்கரமும் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் படியில் கால் வைக்கும்போது நினைத்தேன்.

ஐந்து மணி. முன்பக்கம் இடது சக்கரம்.

பின்பெட்டியைத் திறந்து ரெஞ்சை எடுத்தேன். முதல் நட்டில் வைத்து அழுத்தினேன். தடதடவென்று தெருவே எழுந்துகொள்ளும்படி சத்தம். நட்டு அசையவில்லை. மனசுக்குள் உன்னைத் திட்டினேன். மூன்றாவது நொடியில் பல்லைக் கடித்தவன் வாயைத் திறந்த மாதிரி 'டக்' என்று இளகியது. எதிர்வீட்டு மாடியில் விளக்கு எரிந்தது. இரண்டாவது நட்டு உடனே வந்தது. மூன்றாவதில் இருக்கும்போதுதான் தெருமுனையைப் பார்த்தேன். மூடியிருந்த மருந்துக்கடை வாசலில் உன் அண்ணன் நின்றிருந்தார். கையில் பை, பைக்கு வெளியே நீட்டிக்கொண்டு குழாய்.

மெதுவாக நடந்து வந்தார். சவரம் செய்திருந்தார்.

"நீ கூப்பிடலையே" என்றார்.

"கூப்பிடலை. நீங்க எப்படி வந்தீங்க?"

அவர் ரெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏப்ரல்லதான் வரும்னு குருவி எழுதியிருந்தாளே" என்றார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. நாலாவது நட்டையும் இளக்கினேன். ஜாக்கி போட்டேன். சக்கரத்தைத் தூக்க அவர் கை நீட்டினார். "தொடாதீங்க" என்றேன். தள்ளி நின்றுகொண்டார்.

"நீ கூப்பிட்டா மட்டும்தானே இந்த வாசலுக்கு நான் வர முடியுது" என்றார். அழுகிற குரல் இல்லை, கோபமும் இல்லை. ஏதோ நியாயம் கேட்கிற மாதிரி.

ஸ்டெப்னியை மாட்டி, நட்டுகளைக் கையால் ஓட்டி, ஜாக்கியை இறக்கி, நீ அனுப்பிய டார்க் ரெஞ்சால் ஒவ்வொன்றாக இறுக்கினேன். 'க்ளிக்' என்றதும் நிறுத்தினேன். "அது போதாது, கழண்டுடும்" என்று பையைத் திறந்தார். "இதுதான் அளவு" என்றேன். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். கண்ணாடியில் பார்த்தபோது, நான் கை துடைத்துப் போட்ட அழுக்குத் துணியை அவர் குனிந்து மடித்துக்கொண்டிருந்தார்.

ஆறரைக்குத் தொழிற்சாலையில் இருந்தேன். முதல் இருபது பேருக்கு ஊசி பூப்போல இறங்கியது. இருபத்தொன்றாவது ஆளுக்கு இரண்டு தடவை குத்த வேண்டியதாகிவிட்டது. டீ குடித்துவிட்டு வந்து மீதிப் பேரைப் பார்த்தேன்.

தபால் பெட்டிக்குப் பூட்டு மாற்றிவிட்டேன். போலீசில் கொடுக்க ஒரு புகார் எழுதி வைத்திருக்கிறேன். நேற்றுப் பிடுங்கிய ஆணி என்னிடம் இருக்கிறது, மற்ற மூன்றும் உன்னிடம் இருக்கின்றன. அவற்றை அனுப்பு என்று உன்னைக் கேட்கப் போவதில்லை. நீயாக முடிவு செய்.

சக்கரத்தைவிட எனக்கு வேறொன்றுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. அவர் பன்னிரண்டு வருஷமாக எனக்குச் செய்த உதவிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன். நேர்முகத் தேர்வு அன்று என் சான்றிதழ்கள் காணாமல் போயின, அவர்தான் தேடிக் கொடுத்தார். அதற்குள் நேரம் போய்விட்டது. ஊருக்குப் போகக் கிளம்பினால் டிக்கெட் தேதி மாறியிருக்கும், அவர்தான் கூட்டிக்கொண்டு போவார். எது தானாக நடந்தது, எது நடக்க வைத்தது? இனி எனக்குத் தெரியவே போவதில்லை.

அண்ணி


ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணிக்கு,

மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான்தான். கேட்டுவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதினால் கை கூசுகிறது. மூன்று ஆணிகளும் இந்த உறையில் இருக்கின்றன. எங்கே எப்போது எப்படி வந்தன என்று தனித்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். புகாரைக் கொடுங்கள்.

இருபத்தேழாம் தேதி சாயங்காலமே அண்ணன் என் வீட்டுக்கு வந்தான். ஒன்றும் சாப்பிடவில்லை. "நீயுமா?" என்றான்.

"ஏண்ணா இப்படிப் பண்ண?" என்று கேட்டேன்.

"நான் என்ன பண்ணிட்டேன்? உதவிதானே செஞ்சேன். ஒரு நாளாவது அவளைத் தவிக்க விட்டேனா?" என்றான். அண்ணி, அவன் நடிக்கவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்புகிறான். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவது என்று சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறேன். கிள்ளியதையே மறந்துவிட்டு ஆட்டுகிறவனை அன்றுதான் பார்த்தேன்.

உங்கள் கடைசிப் பத்தியை வாசித்ததிலிருந்து எனக்கும் ஒன்று உறுத்துகிறது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, சொல்ல இதில் என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது எனக்கு ஒரு சைக்கிள் இருந்தது. வாரத்தில் இரண்டு நாள் செயின் கழன்று விழும். நான் தோழிகளோடு சேர்ந்து போகக் கிளம்புகிற நாளாகப் பார்த்து விழும். அவர்கள் போய்விடுவார்கள். அண்ணன் பின்னாலேயே வந்து, கையெல்லாம் கறையாக்கிக்கொண்டு மாட்டிவிட்டு, பள்ளிக்கூடம் வரைக்கும் கூடவே வருவான். "இப்படி ஒரு அண்ணன் யாருக்குக் கிடைப்பான்?" என்று தெருவே சொல்லும். ஒரு கோடை விடுமுறையில் நான் அந்தச் சைக்கிளை மொத்தமாகப் பிரித்துப் போட்டு, செயின் மாட்டவும், அது தளராதபடி பின்சக்கரத்தை இழுத்து வைக்கவும் நானே கற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு அது ஒரு தடவைகூடக் கழன்றதில்லை. நம் கைக்கு இவ்வளவு திறமையா என்று எனக்கு அப்படி ஒரு பெருமை. அந்தப் பெருமையில்தான் இந்தத் தொழிலுக்கே வந்தேன்.

அன்று அவன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது கேட்டுவிட்டேன். "அண்ணா, அந்தச் சைக்கிள் செயின்?"

அவன் குனிந்து செருப்பு வாரை இழுத்துவிட்டான். பிறகு சிரித்தான்.

"அதான் அப்புறம் நீயே மாட்டக் கத்துக்கிட்டியே" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான்.

குருவி